தெருவை விற்க இவர்களுக்கு உரிமை தந்தவர் யார்?



காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற நம் ஊர்களில் அடுக்குமாடி வீடு விற்பனைக்கு வரும்போதெல்லாம், "கார் பார்க்கிங் வசதி உண்டு" என்னும் வரி விளம்பரத்தில் தவறாமல் இடம்பெறுகிறது. அந்த வசதி எங்கே என்று வினவிப் பாருங்கள். பல இடங்களில் விற்பவரின் விரல் நீள்வது தெருவை நோக்கித்தான்.

தமக்கு உடைமையில்லாததை விற்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது. சரக்கின் குறையை மறைத்து விற்பதையும் தடுத்திருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே வரியில் செய்து முடிக்கும் வியாபாரத்தை நாம் கண்டும் காணாமல் இருக்கிறோம். வீட்டுக் கடனில் வட்டி கலந்துள்ளதா என்று ஆலிம்களிடம் கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். வாங்கும் வீட்டின் கார் யாருடைய வழியில் நிற்கப்போகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் தேவை என்பது கட்டட விதிகளின் கணக்கு. அது நிறுத்துவதற்கு மட்டுமே. திருப்புவதற்கும் வெளியே எடுப்பதற்கும் இடம் வேறு வேண்டும். தூண்கள், மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, மின்மீட்டர் பலகை ஆகியவை போகத் தரைத்தளத்தில் மூன்று கார்களுக்கே இடமிருக்கும் கட்டடத்தில் எட்டு வீடுகளை விற்றால், எஞ்சிய ஐந்து கார்களும் எங்கே போகும்?

"சிறிய ஊர்தானே, வெளியே நிறுத்தினால் யார் தடுப்பார்?" என்கிறார்கள். சிறிய ஊர் என்பதனால்தான் தடுக்க வேண்டியிருக்கிறது. நம் பழைய தெருக்கள் நடப்பவர்களுக்காகவும் மாட்டுவண்டிகளுக்காகவும் அமைந்தவை. காயல்பட்டினத்தில் பெண்கள் கூச்சமின்றி நடந்து செல்வதற்கென்றே முடுக்குகள் உண்டு. அந்த முடுக்கின் வாயிலில் ஒரு கார் நின்றுவிட்டால், பேறுகாலப் பெண்ணும் முதிய தாய்மாரும் எவ்வழியே வருவார்கள்? ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிடுகிறது. ஜனாஸாவைச் சுமப்பவர்கள் சந்தூக்கைச் சாய்த்து, கார்க் கண்ணாடிகளில் படாமல் ஒதுங்கி ஒதுங்கிச் செல்ல நேர்கிறது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாகக் கற்பிக்கும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம்!

வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வருபவருக்காக வாங்கிய கார் மற்றப் பதினொரு மாதங்களும் தார்ப்பாய் மூடித் தெருவில் உறங்குவதைப் பற்றி என்ன சொல்ல! அதற்குப் பள்ளிவாசல் சுவரோரம்தான் நிழலாம்.

சட்டம் பேசாமல் இல்லை. மும்பை அடுக்ககம் ஒன்றின் வழக்கில், மகாராட்டிரச் சட்டத்தின் அடிப்படையில், தூண்தளத்து நிறுத்துமிடத்தைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது என்று 2010 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும் திறந்தவெளி நிறுத்துமிடத்தைப் பொதுப்பகுதி என்றே வரையறுக்கிறது. ஆயினும் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மிகாமலோ அமையும் திட்டத்திற்கு அச்சட்டத்தின்படி பதிவு கட்டாயமில்லை. சிற்றூர் அடுக்ககங்கள் பலவும் இந்த விலக்குக்குள் அடங்கிவிடுகின்றன. சட்டத்தின் கண் எட்டாத இடத்தில் அல்லாஹ்வின் அச்சமேனும் இருக்க வேண்டாமா?

வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். குற்றத்தைக் கட்டுநர் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு நாம் நழுவ முடியாது. இடமில்லை என்று தெரிந்தே, விலை இரண்டு இலட்சம் குறைகிறதென்று வாங்குகிறவர், அந்த இரண்டு இலட்சத்தைத் தம் அண்டைவீட்டாரிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். அண்டைவீட்டாரின் உரிமை குறித்து ஜும்ஆ தோறும் கேட்டும் இதைச் செய்கிறார்.

முன்பணம் கொடுக்குமுன் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேளுங்கள். உங்கள் கார் நிற்கும் கட்டத்தை அதில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்; அந்த ஒதுக்கீட்டைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். வீட்டைப் பார்க்கக் காலை பதினொரு மணிக்குச் செல்லாதீர்கள். அப்போது தெரு வெறிச்சோடி அழகாகத்தான் இருக்கும். இஷாவுக்குப் பின் செல்லுங்கள்.