மூணாவது பிரசவம்னா லீவு கிடையாதா? சட்டம் போடும் கணக்கும் உடம்பு போடும் கணக்கும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர். முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள். மறுமணத்துக்குப் பிறகு மீண்டும் கர்ப்பமானார். மகப்பேறு விடுப்பு கேட்டபோது, இரண்டு குழந்தைகளோடு சரி என்ற மாநில விதியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது: மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது, அவருக்கு விடுப்பு கொடுக்க வேண்டும்.

அப்போ தனியார் வேலையில்?

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களில், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. இது 2017-ல் வந்த திருத்தம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான். ஆக, குறையுமே தவிர, இல்லாமல் போகாது. அதோடு, எத்தனையாவது குழந்தையாக இருந்தாலும், பிரசவமான 6 வாரத்துக்குள் அந்தப் பெண்ணை வேலை வாங்கக் கூடாது என்கிறது சட்டம்.

அது என்ன 6 வாரம்?

கர்ப்பத்துக்கு முன் கருப்பையின் எடை ஏறக்குறைய 60-70 கிராம். பிரசவ நேரத்தில் அது மட்டுமே சுமார் 1 கிலோ. குழந்தை பிறந்ததும் அதன் மேல்பகுதி தொப்புள் உயரத்தில் இருக்கும். இரண்டு வாரத்தில் இடுப்புக்கூட்டுக்குள் இறங்கும். பழைய அளவுக்கு வர சுமார் 6 வாரம் ஆகும். நஞ்சுக்கொடி பிரிந்த இடம் உள்ளே ஒரு பெரிய புண். அது ஆறும்போது 4 முதல் 6 வாரம் வரை உதிரப்போக்கு இருக்கலாம்.

மூணாவது தடவை ஈஸியா இருக்காதா?

பிரசவ வலி நேரம் குறையலாம். அதற்குப் பிறகு அப்படி இல்லை. கருப்பை சுருங்கும்போது வரும் வயிற்றுவலி, தலைப்பிரசவத்தைவிட அடுத்தடுத்த பிரசவங்களில்தான் பொதுவாக அதிகம். பால் கொடுக்கும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் அந்த வலியை இன்னும் கூட்டும். விலகிப்போன வயிற்றுத் தசையும் தளர்ந்த இடுப்புத் தசையும் தேற மாதக்கணக்கில் ஆகலாம். சிசேரியன் என்றால், ஒவ்வொரு முறையும் பழைய தழும்பால் வரும் சிக்கல்களுக்கு வாய்ப்பு கூடுகிறது.

குழந்தையின் பக்கம்?

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 26 வாரம் என்பது அந்த 6 மாதம். மூன்றாவது குழந்தைக்கும் அதே 6 மாதம்தான் தேவை. ஆனால் அம்மாவுக்கு 12 வாரம். அதிலும் 6 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தால் மிஞ்சுவது வெறும் 6 வாரம்.

மக்கள்தொகையைக் கட்டுப்படுத்துவது அரசின் கொள்கையாக இருக்கலாம். அதுவும் மகப்பேறு விடுப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்றுதான் உச்ச நீதிமன்றமும் சொன்னது. குழந்தை பிறந்த பிறகு விடுப்பைக் குறைப்பதால் மக்கள்தொகை குறையப் போவதில்லை. புண் ஆறாத உடம்போடு ஒருத்தி ஆபீஸ் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

உங்க ஆபீஸில் யாராவது "மூணாவதுக்கு லீவே கிடையாது"ன்னு சொன்னா, 12 வாரம் சட்டப்படி உண்டுன்னு சொல்லுங்க. அந்த 12 ஏன் 26 ஆகக் கூடாது என்பதுதான் அடுத்து கேட்க வேண்டிய கேள்வி.