வேரைத் தேடுமுன் வினையைக் கேளுங்கள்

தை பிறந்தால் வாகரை, கதிரவெளிப் பக்கம் காதில் விழும் பேச்சு இது: “வேளாண்மை விளைஞ்சிட்டு. இனி வெட்டத்தான் வேணும்.” இங்கே வேளாண்மை ஒரு தொழிலின் பெயரன்று, வயலில் முற்றி நிற்கும் நெற்பயிர். மட்டக்களப்பு எங்கும் இதே வழக்குத்தான். வேளாண்மைக்கு மருந்து அடிப்பார்கள், வேளாண்மைக்குள் யானை இறங்கும், வேளாண்மையை வெட்டிச் சூடு வைப்பார்கள், அதாவது கதிர்களைக் குவித்து வைப்பார்கள்.

திருக்குறளில் விருந்தோம்பல், ஒப்புரவறிதல் ஆகிய அதிகாரங்களில் இச்சொல் வருகிறது. பரிமேலழகர் அதற்கு உபகாரம் என்று பொருள் கொண்டார். கோயம்புத்தூரில் 1971இல் அமைந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் அது உழவுத்தொழில். வாகரையில் பயிர். வேள் என்னும் வேரிலிருந்து வந்ததா, வெள்ளத்தோடு தொடர்புடையதா என்று அறிஞர்கள் வாதிட்டதுண்டு. அவ்வாதம் எப்படி முடிந்தாலும் வாகரை விவசாயி எதை வெட்டுகிறார் என்பதை அது சொல்லப்போவதில்லை.

அதைச் சொல்வது வினை. ‘வேளாண்மை செய்தல்’ மூன்று பொருளுக்கும் பொது; பொருள் மாறியதை அது மறைத்துவிடுகிறது. ‘விளைதல்’, ‘வெட்டுதல்’ என்ற வினைகள் சேரும்போதுதான் தொழிலைக் குறித்த சொல் அதன் விளைவுக்குப் பெயராகிவிட்டது தெரிகிறது. எனவே அகராதியில் இது ஒரே தலைச்சொல்லின் கீழ் வரவேண்டிய இன்னொரு பொருள்.

சேனை அப்படியன்று. வாகரைக் காட்டோரத்தில் சோளமும் கச்சானும் போடும் சேனை, சிங்களத்தின் ‘ஹேன’வோடு உறவுடையது. படையைக் குறிக்கும் சேனை வடமொழி வழி வந்தது. ஒன்றைச் செய்வார்கள், மற்றதைத் திரட்டுவார்கள். எழுத்து ஒன்றானாலும் இவை இரண்டு தலைச்சொற்கள்.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி யாழ்ப்பாண வழக்கைத் தனிக்குறியிட்டுக் காட்டியது. அந்த ஒரு குறிக்குள் ஈழத்தமிழ் முழுவதும் அடங்காது. மிச்சப் பணி நம்முடையது. அதற்கு அவகாசமும் குறைவு. இன்று வெட்டு மிசின் வயலில் இறங்கி நெல்லைப் பிரித்தே கொட்டிவிடுகிறது. அரிவாள் போனாலும் ‘வெட்டு’ நிலைத்துவிட்டது. ‘சூடு வைத்தல்’, ‘சூடு மிதித்தல்’ இரண்டும் செயலோடு சேர்ந்து மறைகின்றன. ஒரே மாற்றத்தில் ஒரு சொல் பிழைக்கிறது, ஒன்று சாகிறது. இந்த வேறுபாட்டை முதியவரிடமும் இளையவரிடமும் இப்போதே கேட்டால்தான் பதிய முடியும்.

களத்தில் சொல் திரட்டுவோரிடம் எங்கள் வேண்டுகோள்: சொல்லையும் பொருளையும் மட்டும் அனுப்பாதீர்கள். அதனோடு சேரும் வினைகள், பேசியபடியே ஒரு முழு வாக்கியம், ஊர், சொன்னவரின் வயது, கேட்ட ஆண்டு ஆகியவற்றையும் எழுதுங்கள். பேசியவரின் பெயர் வேண்டாம். வேர்ச்சொல் பற்றிய உங்கள் ஊகம் இருந்தால் கடைசியில், தனியாக இருக்கட்டும்.