கணக்குக் கேட்டவனா யூதாஸ்?

செஞ்சிக் கோட்டைக்கு இப்போது நல்ல கூட்டம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்த பிறகு, ராஜகிரி மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்காதவர்கள் குறைவு. நீங்களும் போயிருக்கலாம். ஆனால், அதே செஞ்சி வட்டாரத்தில் இருக்கும் தளவானூரை எட்டிப் பார்த்தீர்களா?

சின்ன ஊர். ஒரு பாறைக் குன்று. அதில் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயில். வாசலுக்கு இரண்டு பக்கமும் துவாரபாலகர்கள், மேலே மகர தோரணம். சத்ருமல்லன் என்ற தன் பட்டப் பெயரையே கோயிலுக்கு வைத்தான் ராஜா. கோயிலை எடுத்தது யார் என்பது கல்லிலேயே இருக்கிறது. சமஸ்கிருதத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. பின்னால் வந்த சோழர்கள் இந்த வழக்கத்தை இன்னும் விரிவாக்கினார்கள். விளக்கெரிக்க எத்தனை ஆடு, எவ்வளவு நெய், எந்த நிலம், யார் கொடுத்தது... எல்லாம் கோயில் சுவரில். ஆண்டவனுக்குக் கொடுத்ததன் கணக்கு, போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி இருந்தது.

குகையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, மர நிழலில் ஒரு பெரியவர். ஓய்வு பெற்ற வாத்தியார். பேரனுக்குக் கல்வெட்டு காட்ட அழைத்து வந்திருக்கிறார். கத்தோலிக்கர். பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

“கல்லுல கணக்கு எழுதியிருக்கான் பாருங்க சார். நான் எங்க கோயில்ல பேப்பர்ல எழுதச் சொன்னேன். அதுக்கே என்னை யூதாஸ்னுட்டாங்க.”

நடந்தது இதுதான். அவர் பங்கில் திருவிழா. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி. தேர், பந்தல், வாணவேடிக்கை, அசனம் எல்லாம் முடிந்தது. “சாமி, ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வரவு செலவை வாசிச்சிடலாமே” என்று பங்குச் சாமியாரிடம் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு பிரசங்கம் முழுக்க யூதாஸ். பெயர் சொல்லவில்லை. ஆனால், கோயிலில் இருந்த எல்லாரும் திரும்பி வாத்தியாரைத்தான் பார்த்தார்கள்.

“எந்த ஊரு, எந்தப் பங்குன்னு எழுதிடாதீங்க. சின்ன மகளுக்குத் தையில கல்யாணம். ஓலை வாசிக்கணும்.”

ஓலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கத்தோலிக்கத் திருமணத்துக்கு முன், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கோயிலில் அறிவிப்பார்கள். அதற்குச் சாமியார் மனது வைக்க வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழுக்கும் சாமியார். கல்லறையில் இடம் கிடைக்கவும் சாமியார். பல ஊர்களில் பள்ளிக்கூட சீட்டுக்கும் சாமியார். பிறப்பிலிருந்து சாவு வரை ஒரே மேசையில் கையெழுத்து வாங்க வேண்டிய மனிதர், அந்த மேசையைப் பார்த்துக் கேள்வி கேட்பது லேசான காரியமா?

வாத்தியார் சார்பில் ஒரு சின்ன சந்தேகத்தை மட்டும் நான் கேட்டுவிடுகிறேன். பன்னிரண்டு சீடர்களில் யூதாஸ் யார்? பணப்பை வைத்திருந்தவன். பையிலிருந்து எடுத்துக்கொள்வான் என்று யோவான் நற்செய்தியே சொல்கிறது. அப்படியானால் யூதாஸ், கணக்குக் கேட்ட ஆள் இல்லை சாமி. கணக்குக் கேட்கப்படாத ஆள்!

*

வாத்தியார் கேட்டது ஏதோ புரட்சி என்று நினைக்காதீர்கள். அவர் கேட்டது சட்டம். அதுவும் இந்திய அரசாங்கத்தின் சட்டம் இல்லை. ரோமாபுரியின் சட்டம்.

1983-ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 537-ம் பிரிவு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்கிறது. 1287-ம் பிரிவு, விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு விசுவாசிகளிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. 212-ம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே. திருச்சபையின் நன்மைக்கானதைத் தங்கள் மேய்ப்பர்களிடம் எடுத்துச் சொல்வது விசுவாசிகளின் உரிமை, சில சமயங்களில் கடமையும்கூட என்கிறது.

உரிமை மட்டுமல்ல, கடமை. இதை எத்தனை பங்குகளில் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள்? உங்களில் கத்தோலிக்கர்கள் இருந்தால் நினைவுபடுத்திப் பாருங்கள்.

ஓட்டையும் சட்டத்திலேயே இருக்கிறது. பங்குப் பேரவை என்று ஒன்று பல ஊர்களில் உண்டு. ஆனால், 536-ம் பிரிவுப்படி அது ஆலோசனை சொல்லலாம், அவ்வளவே. ஆயர் விரும்பினால்தான் அதுவும். முடிவு சாமியாருடையது. நல்ல சாமியார் வந்தால் பேரவை நடக்கும். அவருக்கு மாற்றல் வந்தால் பேரவைக்கும் மாற்றல்.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை என்றால் இறைமக்கள் என்று சொன்னது. அதற்கு முன் பூசை லத்தீனில். சாமியார் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது. சாமியார் ஜனங்கள் பக்கம் திரும்பினார். பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால், முகம் திரும்பிய அளவுக்குக் காது திரும்பியதா?

போப் பிரான்சிஸ் அதைத்தான் கேட்டார். 2021-ல் உலகம் முழுக்க ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஜனங்களிடம் கருத்துக் கேளுங்கள் என்று ஆரம்பித்து வைத்தார். தமிழில் இதற்குக் ‘கூட்டொருங்கியக்கம்’ என்று பெயர். மூச்சு விடாமல் சொல்லிப் பாருங்கள், கஷ்டம். செய்வது அதைவிடக் கஷ்டம் போலிருக்கிறது. 2023-ல் ரோமில் நடந்த ஆயர் மாமன்றத்தில் முதன்முறையாகப் பெண்களும் ஓட்டுப் போட்டார்கள். 2024 அக்டோபரில் வந்த இறுதி அறிக்கை, பங்குப் பேரவைகளையும் மறைமாவட்டப் பேரவைகளையும் கட்டாயமாக்க வேண்டும் என்றது. கணக்குக் காட்டுவது, பொறுப்பு ஏற்பது பற்றியெல்லாம் வெளிப்படையாகப் பேசியது. 2025 ஏப்ரலில் பிரான்சிஸ் காலமானார். அவருக்குப் பின் வந்த போப் பதினான்காம் லியோ காலத்திலும் அந்த வேலை நிற்கவில்லை. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்க்க 2028 அக்டோபரில் வத்திக்கானில் ஒரு பெரிய சபை கூடப்போகிறது.

அந்தச் சபைக்கு நம் ஊரிலிருந்து என்ன போகும்? அழகாக அச்சடித்த அறிக்கையா? அல்லது வாத்தியார் கேட்ட கணக்கா?

*

இதுவரை படித்துவிட்டு, “ஆமாம், எல்லாம் சாமியார்கள் பண்ணுகிற அராஜகம்” என்று தலையாட்டுகிற கத்தோலிக்க வாசகரே, கொஞ்சம் பொறுங்கள். அடுத்தது உங்களுக்கு.

செஞ்சி வட்டாரம் புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டத்தில் வருகிறது. அதே மறைமாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை பக்கம் இருக்கிறது இறையூர். அங்கே வன்னியர்களும் கிறிஸ்தவர்கள், தலித்துகளும் கிறிஸ்தவர்கள். ஒரே மாதா, ஒரே நற்கருணை. ஆனால், கோயிலில் தனி இடம், தனிக் கல்லறை, பிணம் கொண்டுபோகத் தனிப் பாதை என்று தலித்துகள் வருஷக்கணக்கில் புகார் சொன்னார்கள். தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்ச் 9-ம் தேதி தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். கலவரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. இரண்டு பேர் செத்தார்கள்.

இறையூரில் தலித்துகளை எதிர்த்து நின்றது சாமியார்கள் இல்லை. பொதுநிலையினர். அதாவது, சாமியாரோ கன்னியரோ அல்லாத சாதாரண விசுவாசிகள். நாளைக்கே எல்லா அதிகாரத்தையும் ஜனங்களிடம் கொடுத்துவிட்டால் திருச்சபை திருந்திவிடும் என்று நம்புகிறவர்கள், இறையூரை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. ஊரில் பெரும்பான்மைச் சாதி எதுவோ, அதுவே பங்குப் பேரவையிலும் பெரும்பான்மை. அங்கே கையைத் தூக்கச் சொன்னால் எந்தக் கை ஜெயிக்கும்?

இன்னும் பின்னால் போவோம். 1745. புதுச்சேரி கோயில் ஒன்றுக்குள், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்களையும் மற்ற சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் சாமியாரிடம் போய் முறையிட்டார்கள். அவர் கேட்டார். சுவர் இடிக்கப்பட்டது. மேல்சாதிக்காரர்கள் கொதித்தார்கள். பின்னாளில் துய்ப்ளேயின் தலைமை துபாஷியான ஆனந்தரங்கப்பிள்ளை இதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

உரையாடல் என்றால் இதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் பேச, அதிகாரத்தில் இருக்கிறவர் கேட்க, கேட்ட பிறகு ஏதாவது ஒன்று இடிந்து விழ வேண்டும். எதுவும் விழவில்லை என்றால் அதற்குப் பெயர் உரையாடல் இல்லை, டீ பார்ட்டி. 1745-ல் விழுந்த சுவர் 263 வருஷம் கழித்து இறையூரில் செங்கல் இல்லாமலே நின்றது.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித்துகளுக்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமையும் பாகுபாடும் இருப்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. பாராட்ட வேண்டிய நேர்மை. தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினருக்கான சலுகைகளுக்கு வெளியே நிறுத்திய 1950-ம் வருஷ ஜனாதிபதி உத்தரவைக் கண்டித்து ஒவ்வொரு ஆகஸ்ட் 10-ம் தேதியும் கறுப்பு தினமும் நடக்கிறது. அந்தக் கோரிக்கை நியாயம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனால், டெல்லியைப் பார்த்து, “மதம் மாறினாலும் சாதி போகவில்லை” என்கிறோம். பங்கில் ஒருவன் எழுந்து அதையே சொன்னால், “நம்மிடம் ஏதப்பா சாதி? எல்லாரும் ஆண்டவர் பிள்ளைகள்” என்று உட்கார வைக்கிறோம். டெல்லிக்கு ஒரு வாய், ஊருக்கு ஒரு வாயா?

*

“கத்தோலிக்கர் விவகாரத்தில் மற்றவர்களுக்கு என்ன வேலை?” என்று சிலர் கேட்பார்கள். மடத்தைப் பற்றி எழுதினாலும், வக்ஃப் சொத்தைப் பற்றி எழுதினாலும் இதே கேள்விதான் வருகிறது. இறையூரில் சுட்டது நம் போலீஸ். திருச்சபையின் பள்ளிகளில் படிப்பவர்கள் நம் பிள்ளைகள். போதாதா?

இன்னொரு வாதம் உண்டு. “சி.எஸ்.ஐ.யில் தேர்தல் வைத்துத்தான் பார்த்தோமே, கோஷ்டியும் கோர்ட்டும்தானே மிச்சம்?” உண்மை. அதனால்தான் நான் தேர்தல் கேட்கவில்லை. வெளிச்சம் கேட்கிறேன். கிராமத்துக்குக் கிராம சபை இருக்கிறது. ஊராட்சியின் வரவு செலவை ஜனங்கள் முன் வைத்தாக வேண்டும். ஒழுங்காக நடக்காத ஊர்கள் ஏராளம். ஆனாலும், “சட்டத்தில் இருக்கிறது, வையுங்கள்” என்று கேட்க ஒரு பிடி இருக்கிறது. அந்தப் பிடிதான் பங்கிலும் வேண்டும்.

நான்கே காரியம். பைசா செலவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்கின் வரவு செலவு கோயில் கதவில் ஒட்டப்பட வேண்டும்.

வருஷத்துக்கு இரண்டு முறை பங்குக் கூட்டம். யார் வேண்டுமானாலும் பேசலாம். பேசியது எழுதப்பட வேண்டும். முன் கூட்டத்தில் கேட்டதற்கு என்ன ஆயிற்று என்று அடுத்த கூட்டத்தில் சாமியார் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் முதலில் பேசுவது தலித்துகளும் பெண்களும். நாட்டாமைகள் கடைசியில் பேசட்டும். கோயிலைப் பெருக்கிக் கழுவிப் பூ வைக்கிறவர்களுக்கு அந்தக் கோயிலைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்காதா?

கேள்வி கேட்டவரின் ஓலை, சான்றிதழ், கல்லறை எதிலும் கை வைக்கப்படாது என்று ஆயர் எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். நான்கில் இதுதான் முக்கியம். பயம் இருக்கிற இடத்தில் உரையாடல் நடக்காது. ஆமாம் சாமிதான் நடக்கும்.

தளவானூர் ராஜாவின் பாரம்பரியத்தில் ஒரு குறையும் உண்டு. கணக்கைக் கோயில் சுவரில் எழுதினார்கள். ஆனால், அந்தச் சுவர் வரைக்கும் எல்லாரையும் விடவில்லை. கத்தோலிக்கத் திருச்சபைக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. கணக்கையும் எழுதலாம், கதவையும் திறக்கலாம். இரண்டில் ஒன்று போதாது.

வாத்தியாரின் மகளுக்குத் தையில் கல்யாணம். ஓலை வாசிக்கப்படும் என்று நம்புகிறேன். அந்த ஓலையை வாசித்து முடித்த கையோடு, அதே மைக்கில், திருவிழாக் கணக்கையும் வாசித்துவிடுங்கள் சாமி.

பந்தியில் முதல் இலை உங்களுக்கு என்று வாத்தியார் சொல்லச் சொன்னார்.