மலை ஏறினால் கால் தேறிவிடுமா?

"மலையில் ஏறி இறங்குகிற சனத்துக்கு எதற்கு ஐயா ஜிம்மும் பயிற்சியும்? அவர்களுக்கு நாள் முழுக்க உடற்பயிற்சிதானே!"

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் உத்தியோகத்தர் ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தைகள் இவை. அவர் கெட்ட மனிதர் அல்லர். படித்தவர்கள் பலரும், தொழிற்சங்கக்காரர் சிலரும்கூட இதையே நம்புகிறார்கள். ஆகவேதான் இந்தப் பதிவு.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஈரப் படிக்கட்டொன்றில் வழுக்கி விழுந்தேன். விளையாட்டுப் பக்கத்தில் 'ஏ.சி.எல்.' என்று நாங்கள் நூறு தடவை அச்சிட்டிருக்கும் முழங்கால் பிணையம் எனக்கும் அறுந்தது. சத்திரசிகிச்சை நடந்தது. ஆறு வாரம் கழித்து இயன்மருத்துவர் அளவுநாடாவால் இரண்டு தொடைகளையும் அளந்தார். வலது தொடையைவிட இடது தொடை நான்கு சென்ரிமீற்றர் சிறுத்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முழங்கால் வீங்கி நோகும்போது, அம்மூட்டிலிருந்து செல்லும் நரம்புச் சமிக்ஞைகள் தொடையின் முன்தசையை இயங்கவிடாமல் தடுக்கின்றன. நாம் சோம்பலாக இருப்பதால் மட்டும் தசை கரைவதில்லை. உடலே அத்தசையை அணைத்து வைக்கிறது. வீக்கம் வற்றிய பின்னரும் அது தானாக முழுமையாக விழித்துக்கொள்வதில்லை. சுருட்டிய துவாயை முழங்காலின் கீழ் வைத்துத் தொடையை இறுக்குவதுதான் எனது முதல் பாடம். பின்னர் காலை நேராக உயர்த்துதல், கணுக்காலில் இரண்டு கிலோ, தாழ்ந்த படியில் ஒற்றைக் காலால் ஏறி இறங்குதல், கடைசியாகக் கொழும்பில் ஒரு ஜிம்மில் ஒற்றைக் காலால் பாரம் தள்ளுதல். பத்து மாதம் பிடித்தது. என் வேலையோ நாற்காலியில்!

இப்போது அந்தத் தோட்டத்தில் நான் சந்தித்த பெண்ணிடம் வருவோம். வயது நாற்பத்து நான்கு. மழைநாளில் கொழுந்துக் கூடையோடு கானுக்குள் சறுக்கி விழுந்திருக்கிறார். நகரத்து வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறியவில்லை. எக்ஸ்ரேயில் பிணையம் தெரியாது என்பதை அவருக்கு எவரும் விளக்கவில்லை. கட்டுப்போட்டு, மாத்திரை கொடுத்து, ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். ஓய்வெடுத்தால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. மூன்றாவது வாரம் மலைக்குப் போனார். இரண்டு மாதத்தில் மறுபடி விழுந்தார்.

"ஏத்தம் பயமில்லைங்க ஐயா, இறக்கந்தான் பயம். கால் நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்குது," என்றார்.

எந்த விசேட வைத்தியரும் இதைவிடத் துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது. சரிவில் இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்கித் தடுப்பு பிடிக்க வேண்டும். பலவீனமான தசைக்கு மிகக் கடினமான வேலை அதுதான். அதிலும் முதுகில் ஈரக் கொழுந்து!

உத்தியோகத்தருக்கு என் பதில் இதுதான். மலை உடற்பயிற்சிக் கூடமன்று. பயிற்சி என்றால் பாரம் காலுக்கு ஏற்றபடி தொடங்க வேண்டும். இன்று இரண்டு கிலோ, அடுத்த வாரம் மூன்று என்று காலின் தேறுதலோடு சேர்ந்து உயர வேண்டும். மலை அப்படி விட்டுக்கொடுக்குமா? காயப்பட்ட காலுக்கும் அதே சரிவு, அதே நிறை. அப்போது உடம்பு ஒரு தந்திரம் செய்கிறது: பாரம் முழுவதையும் நல்ல காலில் ஏற்றிவிடுகிறது. நல்ல கால் தேய்கிறது. நோய்க்கால் மேலும் சூம்புகிறது. அந்தப் பெண் பக்கவாட்டாக நண்டு போல இறங்குவதைப் பார்த்தேன். அதைத்தான் நாம் 'தினசரி உடற்பயிற்சி' என்கிறோம். கேகாலைப் பக்கம் விடியுமுன் எழுந்து இருநூற்றைம்பது, முந்நூறு றப்பர் மரம் பால் வெட்டுகிறவருக்கும் இதே கதைதான்.

இது புதிய விஞ்ஞானமும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற அமெரிக்கச் சிப்பாய்களின் சூம்பிய தொடைகளை, படிப்படியாகப் பாரத்தை உயர்த்தி மீட்ட தோமஸ் டிலோர்ம் என்ற இராணுவ வைத்தியர் தமது முறையை 1945இல் எழுதி வெளியிட்டார். 2010இல் வெளிவந்த சுவீடன் ஆய்வொன்று இன்னும் சுவையானது. ஏ.சி.எல். அறுந்த, சுறுசுறுப்பான 121 இளவயதினரில் ஒரு பகுதியினருக்கு உடனே சத்திரசிகிச்சை, மறுபகுதியினருக்கு முதலில் பயிற்சி, தேவையென்றால் மட்டும் பின்னர் கத்தி. இரண்டாண்டு முடிவில் இரு சாராரின் முழங்கால்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. பயிற்சியோடு தொடங்கியவர்களில் பத்தில் ஆறு பேர் அதுவரை கத்தியைக் காணவேயில்லை. சத்திரசிகிச்சை வரிசையில் காத்திருக்கும் ஏழைக்குப் பயிற்சியே வைத்தியமாகலாம் என்பதல்லவா இதன் பொருள்?

சட்டம் என்ன செய்கிறது? 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நம்மிடம் உண்டு. இழந்த விரலுக்கும் கைக்கும் காலுக்கும் அதன் அட்டவணை விகிதம் போட்டிருக்கிறது. தற்காலிக இயலாமைக்கும் கொடுப்பனவு உண்டு. வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது காலுக்கு விலை பேசுகிற சட்டமேயன்றிக் காலைத் திருப்பித் தருகிற சட்டமன்று. அந்தப் பெண் அதிலும் ஒரு சதம் காணவில்லை. விழுந்ததை எவரும் பதியவில்லையாம்.

தொழிற்சங்கங்களோ, 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயானபோதும் 2024இல் அடிப்படை 1,350 ஆனபோதும் மாலை மரியாதையோடு படம் பிடித்துக்கொண்டன. நானும் அந்தப் படங்களைப் பக்கம் வைத்தவன்தான். காயப்பட்ட தொழிலாளி எத்தனை வாரத்தில் மலைக்குத் திரும்பினார், எந்த நிலையில் திரும்பினார் என்று நான் ஒரு தலைவரிடமும் கேட்டதில்லை. என் கால் உடையும்வரை எனக்கும் அது செய்தியாகத் தெரியவில்லை.

'தோட்டத்துக்கு ஒரு ஜிம் கட்ட முடியுமா?' என்று கேலி பேசுவோர் இருப்பார்கள். பளபளக்கும் இயந்திரங்களை யார் கேட்டார்கள்? பாழடைந்து கிடக்கும் பழைய பிள்ளைக் காம்பராக்களில் ஒன்று போதும். ஒரு பலகை வாங்கு, உயரம் மாற்றக்கூடிய ஒரு படி, மணல் நிரப்பிய சில பைகள். பைகளை நிறுக்கக் கொழுந்துத் தராசு இருக்கவே இருக்கிறது. செலவு பொருளில் இல்லை, ஆளில். எந்த முழங்காலுக்கு எந்தப் பயிற்சி, எப்போது பாரம் கூட்டலாம், யாரைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பதை இயன்மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஒருவர் தோட்டத்துக்கு வந்தால் போதும். மிகுதியைப் பயிற்றப்பட்ட ஒரு தோட்டத்துப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பெண்ணுக்கு நகரத்துக் கிளினிக்கில் திகதி கொடுக்காமல் இல்லை. இரண்டு தடவை போயிருக்கிறார். இரண்டு பஸ், வரிசை, திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். வைத்தியம் இலவசம்தான், ஆனால் அன்றைய பேர் போய்விட்டது. மூன்றாம் தடவை அவர் போகவில்லை. கூட்டு ஒப்பந்தம் கைவிடப்பட்டுச் சம்பளம் சம்பள நிர்ணய சபையின் கையில் இருக்கிற இந்நாளில், அடுத்த பேச்சுக்குப் போகும் தலைவர்கள் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்: வேலையில் காயப்பட்டவர் பயிற்சிக்குப் போகும் நாளுக்கும் முழுப் பேர் போட வேண்டும்.