சுண்ணாம்பு இடுமுன் மண்ணைச் சோதிப்பீர்

கத்தரியும் மிளகாயும் சோர்ந்து நிற்கக் கண்டவுடன், மண் புளித்துப் போயிற்று, சுண்ணாம்பைக் கொட்டுக என்று யோசனை கூறுவோர் எங்குமுளர். உத்திரமேரூர்ப் பகுதிக் குடியானவர்கள் இதனை அப்படியே கைக்கொள்ளலாகாதென்பது எமது துணிபு.

நீலகிரிக்கு அவ்யோசனை தகும். அங்கே பெருமழையானது மண்ணிலுள்ள கால்ஸியத்தை ஓயாது கரைத்துச் செல்வதால் நிலம் புளிப்பேறியிருக்கின்றது. பி.ஹெச். எண் 5.5-க்குக் கீழிறங்கினால், மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும்; இட்ட மணிச்சத்தும் பயிருக்கு எட்டாமற் கட்டுண்டு போகும். முட்டைக்கோசின் வேர்வீக்க நோயும் அத்தகைய நிலத்திலேயே மிகும். ஆங்குச் சுண்ணாம்புக்கற் பொடிக்குச் செலவிடும் பணம் வீணாவதில்லை.

நம்மிடமோ, ஏரிப் பாசனக் களிமண்ணில் களர் தட்டிய துண்டுகள் உண்டு. களருக்கு வேண்டுவது ஜிப்ஸம். அது புளிப்பைப் போக்குவதன்று. கெடுதி செய்யும் சோடியத்தைப் பெயர்ப்பது. இரண்டும் வெண்பொடியாயிருத்தலால் ஒன்றெனக் கருதி ஏமாறுவோர் பலர். களரிற் சுண்ணாம்பிட்டால் பயன் யாதுமில்லை. காரம் மிகுந்த நிலத்தில் துத்தநாகமும் இரும்பும் பயிருக்குக் கிட்டாமல் இளந்தளிர் வெளுக்கும். மேட்டுப்பாங்கான மணற்சாரிச் செம்மண்ணில், அதிலும் ஆண்டுதோறும் அமோனியம் ஸல்பேட்டும் யூரியாவும் பெய்த கொல்லைகளில், புளிப்பு ஏறியிருத்தல் கூடும். கண்ணாற் பார்த்து இதனைச் சொல்ல எவராலும் இயலாது.

மண்வள அட்டை இருக்கின்றதே என்பீர்கள். 2015-இல் அத்திட்டம் தொடங்கியபோது, பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கும் மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒரு மாதிரி என்றே வகுக்கப்பட்டது. ஆகவே அட்டையிலுள்ள எண் அண்டை வயலினதாகவும் இருக்கலாம். சுண்ணாம்பு போன்ற மருந்துக்கு அது போதாது. கிராம நிர்வாக அலுவலர்களும் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைத்தல் நலம். பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் தோட்டத்திற்கென ஒரு வாரியம் வைத்த ஊர் இது. காய்கறிக் கொல்லையைத் தனியே கவனிப்பது இவ்வூருக்குப் புதிதன்று.

வரப்பு, எருக்குழி, மரநிழல் ஆகியவற்றை விலக்கி, பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழம் மண்ணெடுத்துக் கலந்து, அரைக் கிலோவைச் சோதனைக்கு அனுப்புக. பி.ஹெச். எண் மட்டும் அளவைத் தீர்மானியாது. களிமண்ணுக்கு மணலினும் மிகுதியாக வேண்டும். ஆகையால் சுண்ணாம்புத் தேவை எவ்வளவென்றும் கேட்டெழுதுக. 100 கிலோ சுண்ணாம்புக்கற் பொடியின் வேலையைத் தூய சுட்ட சுண்ணாம்பு 56 கிலோ செய்யுமாதலின், பொருளறிந்து நிறுத்திடுக. நடவுக்குச் சில வாரங்கள் முன்னரே இட்டு உழுதல் வேண்டும். அமோனியம் ஸல்பேட்டுடன் ஒருபோதும் கலவற்க. தழைச்சத்து ஆவியாய்ப் பறந்துவிடும்.