‘எங்க வம்சத்துல இல்லை’ என்பது பதிலாகாது

“எங்க வம்சத்துல யாருக்கும் இந்தக் குறை கிடையாது.” குழந்தையில்லாத வீடுகளில் மருமகளின் வாயை அடைக்க ஆண்டாண்டாகச் சொல்லப்படும் பேச்சு இது. படித்தவர்களும் இதை விடுவதில்லை. இதற்குத் துணையாக மூன்று காரணங்களை அடுக்குவார்கள். மூன்றும் நிற்காது.

ஒன்று, பையனுக்கு மீசையும் உடற்கட்டும் இருக்கின்றனவாம். மீசை விந்தணுவுக்குச் சான்று ஆகாது.

இரண்டு, ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் ‘நார்மல்’. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஓடினால் மட்டும் போதாது. செல்லுக்குள் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதமும் சரியாக இருக்க வேண்டும். ஆண்ட்ரோஜன் ஏற்பி எனப்படும் அந்தப் புரதம் பழுதான ஆண்களுக்கு இந்த ஹார்மோன் அளவு இயல்பாகவோ அதற்கு மேலாகவோதான் இருக்கும். பழுது லேசானது என்றால் தோற்றத்தில் எதுவும் தெரியாது. விந்தணு குறைவது ஒன்றே அடையாளமாக இருக்கலாம்.

மூன்றாவதைத்தான் பெரும் ஆதாரமாக நீட்டுகிறார்கள்: அப்பாவுக்குப் பிள்ளை பிறந்தது, தாத்தாவுக்குப் பிறந்தது, அதனால் பரம்பரைக் குறை இருக்கவே முடியாது. ஆண்ட்ரோஜன் ஏற்பிக்கான மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். தந்தை மகனுக்குக் கொடுப்பது ஒய். எக்ஸைத் தருபவள் தாய். அவளுக்கு எக்ஸ் இரண்டு என்பதால் ஒன்றில் பழுதிருந்தாலும் பிள்ளை பெறத் தடையில்லை. அப்பா வழியில் பத்துத் தலைமுறையை எண்ணினாலும் இந்த மரபணுவைப் பற்றி ஒரு சொல்கூடத் தெரியவராது. விசாரிக்க வேண்டியது தாய்மாமன்களை. அவர்களிடமும் குறை இல்லையென்றால்கூடப் பழுது புதிதாகத் தோன்றியிருக்கலாம்.

தாய், தந்தை இருவர் வழியாகவும் சேர்ந்து வரும் பழுதும் உண்டு. விந்தணு உற்பத்திக்குத் துணைசெய்யும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனின் ஏற்பிக்கான மரபணு 2-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஆளுக்கொரு பழுதான படி வைத்திருக்கும் பெற்றோர் நலமாகவே பிள்ளை பெறுவார்கள்; இரண்டு படியும் ஒரே மகனிடம் சேரும்போதுதான் சிக்கல். சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் அப்படிச் சேரும் வாய்ப்பு கூடுதல். இரண்டு படியும் பழுதான ஐந்து ஆண்களைப் பற்றி 1997-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஐவருக்கும் விந்தணு உற்பத்தி ஏதோ ஓர் அளவில் குன்றியிருந்தது. ஆனாலும் இருவர் தந்தையாகியிருந்தார்கள். ஆகவே பிள்ளை பெற்றவர் என்பது மரபணுவுக்கான நற்சான்றிதழ் அல்ல.

ஓராண்டு காத்திருந்தும் கரு தங்கவில்லையா? மருமகளை மட்டும் மருத்துவரிடம் அனுப்பாதீர்கள். மகனுக்கு விந்தணுப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு மயக்க மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். அந்த முடிவு கைக்கு வரும்வரை அவள்மீது பழி சுமத்த யாருக்கும் உரிமையில்லை.