கேட் பாஸ் ரத்தாகாத டிரைவர்!

புதுவாயல் கூட்டுச்சாலையில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். தினமும் வந்துபோகிற டிரைவர் என்றால் கேட்டில் பாஸைக் காட்டுவார், செக்யூரிட்டியும் தலையாட்டி அனுப்பிவிடுவார். அந்தப் பாஸ் பழையதாகி, லாரியின் பின்கதவும் பூட்டாமல் இருந்தால்? பின்னால் ஏறி ஒளிந்திருப்பவரும் சேர்ந்தே உள்ளே போய்விடுவார்.

கம்ப்யூட்டரிலும் டிரைவர்கள் உண்டு. பிரின்டர், கேமரா, வைஃபை போன்ற கருவிகளையும் விண்டோஸையும் பேசவைக்கும் சின்னச் சின்ன புரோகிராம்கள் அவை. இவற்றில் பலவும் 'கெர்னல்' என்கிற உள்ளறை வரை போய்வரும். அதற்கு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அதுதான் இங்கே கேட் பாஸ்.

ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டெல் நிறுவனத்தின் ஒரு டிரைவரில் ஐந்து குறைகள் இருப்பதை, 'சென்டினல்ஒன்' ஆய்வாளர்கள் 2021 மே மாதம் வெளியிட்டார்கள். பயாஸ் அப்டேட் செய்யும்போது கம்ப்யூட்டரில் வந்து உட்காரும் டிரைவர் அது. 2009-லிருந்து, அதாவது 12 ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. டெல் திருத்தமும் வெளியிட்டது.

இந்த வகைக் குறையைக் கேட்டால் பலரும் பதறுவதில்லை. காரணம், இணையம் வழியாக இதை நேரடியாகத் தாக்க முடியாது. ஏற்கெனவே கம்ப்யூட்டருக்குள் நுழைந்த ஒருவருக்குத்தான் இது உதவும். 'வாசல் கதவு பூட்டியிருக்கும்போது பீரோ திறந்திருந்தால் என்ன?' என்ற நிம்மதிதான்.

ஆனால், சில மாதங்களிலேயே வாசல் கதவு திறந்தது, திறந்தவர் வீட்டுக்காரரே. 2021 இலையுதிர் காலத்தில், நெதர்லாந்தில் ஒரு விண்வெளி நிறுவன ஊழியருக்கும் பெல்ஜியத்தில் ஓர் அரசியல் பத்திரிகையாளருக்கும் அமேசான் வேலைவாய்ப்பு என்ற பெயரில் ஃபைல்கள் வந்தன. அனுப்பியது, வட கொரியாவோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் 'லாசரஸ்' கும்பல். ஃபைல் திறக்கப்பட்டதும், குறையுள்ள அந்த டெல் டிரைவரைக் கும்பலே கொண்டுவந்து இறக்கியது. கையெழுத்து செல்லும் என்பதால் விண்டோஸ் தடுக்கவில்லை. கெர்னலுக்குள் போய், கண்காணிப்புக்காக விண்டோஸ் வைத்திருக்கும் ஏழு வழிகளையும் அணைத்துவிட்டது. 2022-ல் 'இசெட்' நிறுவனம் இதை வெளியிட்டது.

தாக்குபவரே பழைய டிரைவரைக் கொண்டுவர முடியும் என்பதால், 'என்னுடையது வேறு கம்பெனி கம்ப்யூட்டர்' என்றும் இருந்துவிட முடியாது.

போனுக்கும் இதே கதைதான். பல ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கும் 'மாலி' கிராஃபிக்ஸ் சிப்பின் டிரைவரில் இருந்த ஒரு குறை, தாக்குதலுக்குப் பயன்பட்டிருக்கலாம் என்று 2023 அக்டோபரில் எச்சரிக்கை வந்தது. அதுவும் போனுக்குள் ஏற்கெனவே ஓர் ஆப் வழியாக நுழைந்தவருக்கு உதவும் குறைதான்.

என்ன செய்யலாம்?

* போனில் செட்டிங்ஸுக்குப் போய் 'செக்யூரிட்டி அப்டேட்' தேதியைப் பாருங்கள். புதிது வந்திருந்தால் இன்றிரவே போடுங்கள்.

* விண்டோஸ் 11-ல் 'விண்டோஸ் செக்யூரிட்டி', 'டிவைஸ் செக்யூரிட்டி', 'கோர் ஐசோலேஷன்' என்று போய், 'மெமரி இன்டெக்ரிட்டி' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். குறையுள்ள டிரைவர்களைத் தடுக்கும் பட்டியலும் அங்கேயே இருக்கிறது.

* வீட்டில் எல்லோரும் ஒரே 'அட்மின்' கணக்கில் புழங்க வேண்டாம். பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கு போதும்.

* வேலை தேடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள். முன்பின் தெரியாத நம்பரிலிருந்து 'ஆஃபர் லெட்டர்' வந்தால், ஃபைலைத் திறப்பதற்கு முன் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்கட்டும்.